இரண்டாம் பாகத்தில் பிரபு இல்லை

என் உயிரான பிலோமி அக்காவுக்கு,

நானும் மாமியும் காத்துக் கிடந்த இரண்டாம் பாகம் வந்துவிட்டது. வாடகை நூலகத்து அண்ணாச்சி எனக்கென்று எடுத்து வைத்திருந்தார். "அக்காதான் போயிட்டா, தங்கச்சியாவது வாசிக்கட்டும்னு வச்சேன்" என்றார். அட்டையில் அதே கொடைக்கானல் புத்தகக் கடை, அதே ஸ்டெல்லா. மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய் ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது. அவளுக்கு ஒரு வயதுகூடக் கூடவில்லை.

முதல் பாகம் வாசித்த நாட்கள் நினைவிருக்கிறதா? கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போன தோணி புயலில் சிக்கி, அதில் போன என் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. டிரான்சிஸ்டரில் செய்தி முடியும்வரை நான் மூச்சுவிட மாட்டேன். நீ தினமும் சாயங்காலம் வருவாய். நான் தையல் மிஷினை மிதிப்பேன், மகன் நினைப்பில் மாமி சுவரில் சாய்ந்திருப்பார், நீ வாசிப்பாய். விடுமுறைக்குப் போன ஸ்டெல்லா புத்தகக் கடைக்காரன் பிரபுவிடம் மனதைக் கொடுத்த கதை. ஊருக்குப் போன பிரபு இனி வரமாட்டான் என்று எல்லோரும் கைவிட்ட பிறகு, நனைந்த சட்டையோடு கடை வாசலில் வந்து நின்றான். மாமி அழுதே விட்டார். நானும்தான்.

"பாத்தியாளா, ஊரு என்னமும் சொல்லிட்டுப் போவட்டும். வாரவன் வருவான்" என்றாய்.

பங்குச் சாமியார் வந்து என் வீட்டுக்காரர் ஆன்மாவுக்குப் பூசை வைக்கலாம் என்றபோது, முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்னவளும் நீதான். அந்தத் தைரியத்தில்தான் நான் தாலியைக் கழற்றவில்லை.

இந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே பிரபுவின் படத்துக்கு மாலை போட்டிருக்கிறார்கள், அக்கா. கடையை ஸ்டெல்லா நடத்துகிறாள். விடுமுறைக்கு வந்த எவனோ ஒருவன் புத்தகம் கேட்கிறான், அவள் சிரிக்கிறாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஓடிப்போய் முதல் பாகத்தை வாங்கிக் கடைசி அத்தியாயத்தைப் பார்த்தேன். மலைப்பாதையில் பேருந்து உருண்டு பிரபு செத்துப்போகிறான். நனைந்த சட்டை எங்கேயும் இல்லை.

அப்படியானால் நீ எங்களுக்கு வாசித்தது என்ன? அடுத்த பாகம் எப்போது என்று கேட்டால் "அதெல்லாம் வராதுளா" என்று அடித்துச் சொல்வாயே, இதற்குத்தானா? அவர் வரமாட்டார் என்று ஊர் சொன்னதை நான் சட்டை செய்யவில்லை. அவர் வருவார் என்று நீயும் நம்பவில்லை என்பதை எப்படித் தாங்குவேன்? உன்மேல் கோபம் கோபமாக வருகிறது. சண்டை போடக்கூட நீ இல்லையே.

நேற்று மாமி விடவில்லை. "ஏளா ரோசிலி, அந்தப் பொஸ்தகம் வந்துட்டாம்லா? அந்தப் பய கல்யாணம் முடிச்சானா? வாசி, கேப்போம்."

விரித்தேன். பிறகு, "பிரபுவும் ஸ்டெல்லாவும் காலையில் கடையைத் திறந்தார்கள்" என்று வாசித்தேன். அவன் அலமாரியைத் துடைத்தான், அவள் காப்பி கொண்டுவந்தாள். பக்கத்தைத் திருப்பித் திருப்பி வாசித்துக்கொண்டே போனேன்.

"பிலோமி அன்னைக்கே சொன்னாள்லா" என்று மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எம் மவனும் இப்படித்தான் வந்து நிப்பான்."

குரல் நடுங்காமல் நீ எப்படி வாசித்தாய் அக்கா? எனக்கு நடுங்கியது. தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

மாமிக்கு எழுத்து தெரியாது, அந்தத் துணிச்சலில் இதை எழுதுகிறேன். அவர் இருக்கும்வரை பிரபுவைச் சாகவிட மாட்டேன், இது சத்தியம். ஆனால் எனக்கு இனி யார் வாசிப்பார்கள்?

வருகிற வாரம், தைத்த துணியைக் கொடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு மணப்பாட்டுக் கோயிலுக்குப் போகிறேன். அங்கே மாமிக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. உன் ஆன்மாவுக்கு ஒரு பூசை கொடுப்பேன். உன் பெயரோடு என் வீட்டுக்காரர் பெயரையும் சொல்வேன்.

மாமிக்காக இன்னும் தாலி கழற்றாத
உன் தங்கை,
ரோசிலி