வாற கோடு எங்கே?

ஆவணி, சனி இரவு.

மகள் நாளை நியூசிலாந்து மலைகளில் பனிச்சறுக்கப் போகிறாள். வரைபடத்தில் எனக்காகப் பெயர்களைத் தமிழில் எழுதியிருந்தாள். ‘பனியாறு’ என்று நானே எழுத்துக்கூட்டி வாசித்தேன். இந்த வயதில் எழுத்துப் பழகுகிற எனக்கு என்ன சந்தோசம்!

“ஆறெண்டால் ஓடவேணுமே, பிள்ளை?”

“ஓடுது அப்பா. மெல்ல ஓடுறதால கண்ணுக்குத் தெரியாது. அதாலதான் வெடிப்பு விழும். கயிறு கட்டித்தான் கடப்பம்.”

உறைந்த பிறகும் எப்படி ஓடுகிறது? வெடிப்பைப் பற்றி மட்டும் நான் கேட்கவில்லை. தான் போகும் வழியென்று அவள் கீறியிருந்த சிவப்புக் கோடு பனியாற்றைக் கடந்து, மலைக்கு அப்பால் நின்றுவிட்டது.

“போற கோடு இருக்கு. வாற கோடு எங்க?”

“மற்றப் பக்கத்தால இறங்கி, பஸ்ஸில போய் பிளேன் ஏறி வருவம்.”

“அதையும் கீறு.”

“மெப்பில இடமில்லை. நீங்களே கீறுங்கோ,” என்று சிரித்துப் பேனையைத் தந்தாள்.

ஓரத்தில் எங்கள் வீடு இருக்கிற ஊரின் பெயரை ‘ரோவில்’ என்று எழுதி, அதுவரை கோட்டை இழுத்தேன். ‘ரோ’ கொஞ்சம் சரிந்துவிட்டது. ஆனாலும் வாசிக்கலாம்.