ஜன்னல் பக்கக் கன்னம்

மார்ச் 4

காலையில் அந்தப் பல் டாக்டர் பெண். கிளட்சை விட்ட வேகத்தில் வண்டி தவளை மாதிரி குதித்து நின்றது. "மேடம், நான் எப்பவாவது கத்துக்குவேனா?" என்றாள். "வாய்க்குள்ள மெஷினை விட்டு ஓட்டுறவங்களுக்கு இதெல்லாம் ஒரு பெரிசா?" என்றேன். சிரித்தாள். அடுத்த முறையும் குதித்தது.

சாயந்திரம் முடி வெட்டிக்கொள்ளப் போனேன். காதோரம் முடியை ஒதுக்கிய பெண் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டாள். "அக்கா, இது என்ன, ரத்தம் கசியுது? போன தடவையும் இருந்துச்சே." பரு என்றேன். "பருன்னா இத்தனை மாசமா இருக்கும்?" கைக்கண்ணாடியைத் திருப்பிக் காட்டினாள். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே, கருப்பாக, ஓரம் மட்டும் முத்துப்போல மினுங்கிக்கொண்டு.

பயிற்சி வண்டியில் நான் எப்போதும் இடது பக்கம். வெயில் ஜன்னல் வழியாக அந்தக் கன்னத்தில்தான் விழும். கற்றுக்கொள்கிறவர்களுக்குத் தெரிவது வலது கன்னம். வீட்டில் எந்தக் கன்னத்தையும் பார்க்க ஆள் இல்லை. அம்மா இருந்திருந்தால் முதல் வாரமே முகவாயைப் பிடித்துத் திருப்பியிருப்பாள்.

மார்ச் 7

தோல் டாக்டர் ஒரு துளி சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார். "எதுக்கும் பார்த்துடலாம்." அந்த 'எதுக்கும்' என்ற சொல்லை வழியெல்லாம் மென்றுகொண்டே வந்தேன்.

டிரைவிங் பள்ளியில் முதலாளி பிளாஸ்திரியைப் பார்த்துவிட்டு, "என்னக்கா கன்னத்துல?" என்றார். மச்சம் எடுத்தேன் என்றேன். "அடடா, இருந்த ஒரே அதிர்ஷ்டத்தையும் எடுத்துட்டீங்களே!" எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

மார்ச் 9, ஞாயிறு

தங்கை போன் செய்தாள். மகனுக்குப் பரீட்சை, மாமியாருக்கு முழங்கால் வலி, குழாயில் ஒழுக்கு. எல்லாம் சொல்லி முடித்து, "நீ எப்படி இருக்கே?" என்றாள். "எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்." சொன்னால் அழுவாள். கடல் தாண்டி அழுகிறவளை நான் இங்கிருந்து தேற்ற வேண்டும். அதற்கு இப்போது தெம்பு இல்லை.

மார்ச் 18

புற்றுநோய்.

மார்ச் 19

நேற்று அதற்கு மேல் பேனா ஓடவில்லை. டாக்டர் பொறுமையானவர். "தோல்ல வர்றதுலயே இது கொஞ்சம் சாதுவான வகை. வேற இடத்துக்குப் பரவுறது ரொம்ப அபூர்வம். ஆனா விட்டு வச்சா இருக்கிற இடத்தையே அரிச்சுக்கிட்டுப் போகும். கண்ணுக்குப் பக்கத்துல இருக்கு, சீக்கிரமா எடுத்துடலாம்" என்றார். தலையாட்டினேன். வெளியே வந்து, காரை எடுக்க மறந்து, பஸ் நிறுத்தம் வரை நடந்துவிட்டேன். ஊருக்கெல்லாம் வண்டி ஓட்டக் கற்றுத் தருகிறவள்!

சாதுவாம். வந்தது புற்று, அதில் சாது என்ன, முரடு என்ன?

ஏப்ரல் 2

இடது கையால் எழுதியது மாதிரி எழுத்து கோணுகிறது. கட்டு கண்ணை மறைக்கிறது. ஆனால் இன்றைக்கு நடந்ததை இன்றைக்கே எழுத வேண்டும்.

காலையில் மரத்துப்போக ஊசி போட்டார்கள். முழு நினைவோடு படுத்திருந்தேன். வலி இல்லை, இழுவை மட்டும் தெரிந்தது. யாரோ என் முகத்தைத் துணி மாதிரி வெட்டுகிறார்கள், அந்தச் சத்தம் காதுக்குள்ளேயே கேட்கிறது. ஒரு மெல்லிய அடுக்கை எடுத்து அங்கேயே உருப்பெருக்கியில் வைத்துப் பார்ப்பார்களாம். ஓரத்தில் நோய் மிச்சமிருந்தால் இன்னொரு அடுக்கு. அதுவரை கன்னத்தில் பஞ்சை வைத்து ஒட்டி, நடைவழியில் உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

நர்ஸ் வந்து கேட்டாள்: "கூட யாரு வந்திருக்காங்க?"

"தங்கச்சி. வண்டி நிறுத்தப் போயிருக்கா."

என்னைக் கேட்காமல் வாய் சொல்லிவிட்டது. ஐம்பத்திரண்டு வயதில் இப்படி ஒரு பொய். நர்ஸ் போய்விட்டாள்.

இரண்டாவது தடவையும் உள்ளே கூப்பிட்டார்கள். மிச்சம் இருந்ததாம். மறுபடியும் நடைவழி. பக்கத்து நாற்காலியில் ஒரு பெண், என்னைவிடக் கொஞ்சம் இளையவர், கட்டுப்போட்ட காலை எதிர் நாற்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தார். என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "உங்க தங்கச்சிக்கு இன்னும் இடம் கிடைக்கலபோல."

எனக்கு முகம் சுட்டது, பாதி முகம்தான். "கிடைக்காது" என்றேன். "அவ இருக்கிறது வேற நாடு."

"என் வீட்டுக்காரரும் காலையிலேர்ந்து வண்டிதான் நிறுத்திக்கிட்டிருக்கார். அவர்கிட்ட காரே கிடையாது."

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் பஞ்சு இழுத்தது, ஐயோ என்றேன், அவரும் காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கணக்கு டீச்சராம். குதிகாலில் கருப்பாக ஒரு கறை, செருப்புச் சாயம் என்று ஒரு வருஷம் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருக்கிறார். வெயிலே படாத இடம். அவருடையது சாது இல்லை. குதிகாலில் பெரிதாக எடுத்துவிட்டு, தொடைத் தோலை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். தொடை இடுக்கிலிருந்து ஒரு நெறிக்கட்டியையும் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். இன்று கட்டு மாற்ற வந்தவர்.

மூன்றாவது அடுக்கில் சுத்தம் என்றார்கள். தைத்தார்கள். நான் வெளியே வந்தபோது டீச்சர் இன்னும் உட்கார்ந்திருந்தார். அவர் கட்டு மாற்றி வெகு நேரம் ஆகியிருந்தது. "எப்படிப் போவீங்கன்னு பார்த்துட்டுப் போகலாம்னு" என்றார். ஒரே வாடகைக் காரில் போனோம், ஒற்றைக் கண்ணும் ஒற்றைக் காலுமாக.

ஏப்ரல் 5

வலது பக்கமாகவே படுத்துக் கழுத்து பிடித்துக்கொண்டது. வாயை அகலத் திறக்க முடியவில்லை. யாரிடமும் பேச வேண்டியிராதது ஒரு வசதி.

வசதியா?

ஏப்ரல் 16

தையல் பிரித்தாயிற்று. கண்ணோரத்தில் தொடங்கி காதுமடலுக்குக் கீழே வரை இறங்குகிறது. சிவந்த, வீங்கிய கோடு. கீழிமை கொஞ்சம் இழுத்துக்கொண்டிருக்கிறது. டாக்டர் "அழகா ஆறியிருக்கு" என்றார். அவர் அழகு வேறு.

பள்ளிக்குப் போனேன். முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார், அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். "கொஞ்ச நாள் ஆபீஸ்லயே இருங்களேக்கா. போன் எடுக்க ஆள் வேணும். புதுசா வர்றவங்க ஏற்கெனவே பயந்துபோய் இருப்பாங்க, அதான்…" என்றார்.

அவங்க பயப்படுறது லாரியைப் பார்த்தா, என்னையப் பார்த்தா? நான் என்ன முகத்தை வச்சா கிளட்ச் போடுறேன்? இத்தனை வருஷம் இந்தக் கன்னத்தைத்தானே அந்த ஜன்னலுக்குக் கொடுத்தேன். இதெல்லாம் அங்கேயே கேட்டிருக்கணும். "சரி" என்று சொல்லிவிட்டுப் போன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மணி அடிக்கவேயில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

தங்கை திடீரென்று வீடியோவில் வந்தாள். கன்னத்தைத் திருப்பி வைக்க மறந்துவிட்டேன். "அக்கா! என்னது அது?" சொன்னேன். அழவில்லை. கோபித்தாள். "அம்மாவுக்குப் பார்த்தே, எனக்குப் பார்த்தே, உனக்குன்னு வந்தா எங்ககிட்ட மூச்சு விட மாட்டியா? நான் என்ன மூணாவது மனுஷியா?" வைத்துவிட்டாள். அழுதிருந்தாலே தேவலை.

ஏப்ரல் 24

டீச்சர் கூப்பிட்டார். நெறிக்கட்டி முடிவு வந்துவிட்டதாம், டாக்டர் நேரில் வரச் சொல்லியிருக்கிறார். "வீட்டுக்காரர் வர மாட்டார். வேடிக்கையைக் கேளுங்க. லிப்ட் மெக்கானிக். அந்த ஆஸ்பத்திரி லிப்டையே இவர்தான் சரி பண்றார். எனக்குன்னா மட்டும் வாசலைத் தாண்ட மாட்டார்."

என் காரில் கூட்டிப்போனேன்.

கட்டியில் இருக்கிறது. தொடை இடுக்கில் மறுபடி பார்க்க வேண்டும், பிறகு நரம்பு வழியாக மருந்து, மாதக்கணக்கில். டீச்சர் எல்லாவற்றையும் பாடம் கேட்பது போலக் கேட்டார். திரும்பும்போது சிவப்பு விளக்கில் நின்றோம். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "கவலைப்படாதீங்க டீச்சர், ஒண்ணும் ஆகாது" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "உங்களுக்குத் தையல் பிரிச்சதும் முடிஞ்சுபோச்சு. எனக்கு அப்படி இல்ல. ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டரே சொல்லல. நீங்க சொல்லாதீங்க."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். பச்சை விழுந்து எவ்வளவு நேரமாயிற்றோ.

மே 3

டீச்சர் போனை எடுக்கவில்லை. நான் சொன்னது தப்பா? யாராவது என்னிடம் அதைச் சொல்ல மாட்டார்களா என்று நான்தானே ஏங்கினேன். எனக்கு வேண்டியிருந்ததை அவருக்குக் கொடுத்திருக்கிறேன். செருப்பு யார் காலுக்கு என்று பார்க்கவில்லை.

மே 12

முதலாளியிடம் சொல்லிவிட்டேன், வண்டி கொடுத்தால் இருக்கிறேன், இல்லாவிட்டால் தெருமுனைப் பள்ளியில் கேட்கிறார்கள் என்று. தெருமுனையில் யாரும் கேட்கவில்லை. வண்டி கிடைத்தது. முதல் ஆள் பல் டாக்டர் பெண்தான். இறங்கி என் பக்கம் வந்து, ஜன்னல் வழியாகக் கன்னத்தை நெருங்கிப் பார்த்தாள். "நல்லாத் தைச்சிருக்காங்க, மேடம்" என்றாள், தொழில்காரி மாதிரி. பிறகு வண்டியைக் குதிக்காமல் எடுத்தாள்.

கன்னத்துக்கு வெயில்தடுப்புக் களிம்பு, ஜன்னலுக்குத் திரை, தலைக்குத் தொப்பி. முகமூடிக் கொள்ளைக்காரி மாதிரிதான் இருக்கிறேன்.

மே 27

பயிற்சிக்கு ஒரு புது ஆள் வந்தார். ஐம்பது வயது, விரல் இடுக்கில் கிரீஸ் கறை. வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் பேசினார். "டீச்சரோட வீட்டுக்காரர் நான். நீங்கதான் அவளைக் கூட்டிட்டுப் போனீங்கன்னு தெரியும். எனக்கு டூவீலர் மட்டும்தான் ஓட்டத் தெரியும், அந்தக் காலோட அவளால பின்னாடி உக்கார முடியல. நான் கார் கத்துக்கணும். அவகிட்ட சொல்லிடாதீங்க மேடம்."

ஸ்டியரிங்கைக் குரங்குப்பிடியாகப் பிடிக்கிறார். கையைத் தளர்த்துங்க சார், தளர்த்துங்க சார் என்றே நேரம் போயிற்று.

ஜூன் 10

மைதானத்தைச் சுற்றிக்கொண்டிருந்தபோது அவராகவே பேசினார். "லிப்ட் நடுவுல நின்னா உள்ள இருக்கிறவங்க கத்துவாங்க. நான் வெளியிலேர்ந்து 'இதோ, இதோ'ன்னு குரல் கொடுத்துக்கிட்டே வேலை பார்ப்பேன். சரி பண்ணிடுவேன்னு எனக்குத் தெரியும், அதான் குரல் வரும். இவ விஷயத்துல எனக்குக் குரலே வரல மேடம்."

மூன்றாவது கியருக்கு மாற்றுங்க என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மாற்றினார். வேறு என்ன சொல்வது? சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளமே.

ஜூலை 15

லிப்ட்காரர் தேறிவிட்டார். மச்சானின் பழைய காரைக் கேட்டு வாங்கியிருக்கிறார்.

ஜூலை 17

இன்று டீச்சருக்கு மருந்து ஏற்றும் நாள். இருவரும் போயிருப்பார்கள். நான் வீட்டில் இருந்தேன். நல்ல காரியம்தான் செய்திருக்கிறேன். இருந்தும் சாயந்திரம் வரை போனை வேறு வேறு இடத்தில் வைத்துப் பார்த்தேன், சிக்னல் இல்லையோ என்று.

ஜூலை 18

டீச்சர் கூப்பிட்டார்! "கள்ளி. என் வீட்டுக்காரருக்கு நீங்கதான் கத்துக்கொடுத்தீங்களாமே? மாட்டுவண்டி மாதிரி ஓட்டுறார். சைக்கிள்காரன்லாம் எங்களைத் தாண்டிப் போறான்." பிறகு குரல் தணிந்தது. "நேத்து மருந்து ஏறி முடியிறவரைக்கும் என் கையை விடல அவர்." இன்னும் கொஞ்சம் கழித்து, "அன்னிக்கு உங்களைத் திட்டிட்டேன்."

"திட்ட வேண்டியதைத்தான் திட்டினீங்க."

"ஆமா" என்றார். அதுதான் டீச்சர்.

செப்டம்பர் 7, ஞாயிறு

தங்கையிடம் எல்லாம் பேசுகிறேன் இப்போது, இமை இழுப்பதுகூட. அவளும் குழாய் ஒழுக்கோடு நிறுத்திக்கொள்வதில்லை. அவளுக்கும் அங்கே தனிமைதான் போலிருக்கிறது. கேட்காமலே இருந்திருக்கிறேன்.

டீச்சருக்கு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை. உடம்பெல்லாம் அரிப்பு, சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு தவணை தள்ளிப்போட்டிருக்கிறார்கள். போய் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. பத்தாம் வகுப்பு விடைத்தாள்களை அவர் வாசிக்க, மொத்தம் போட்டுக் கொடுத்தேன். இரண்டு இடத்தில் தப்பாகக் கூட்டினேன், காதைத் திருகாத குறை.

அக்டோபர் 3

அரையாண்டுப் பரிசோதனை. கன்னம் சுத்தம். "ஒரு தடவை வந்தவங்களுக்கு வேற இடத்துல புதுசா வரலாம். மாசத்துக்கு ஒரு நாள் உடம்பு முழுக்கப் பாருங்க" என்றார் டாக்டர். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார், "முதுகை யாரைப் பார்க்கச் சொல்வீங்க?"

வீட்டுக்கு வந்து இரண்டு கண்ணாடி வைத்து முயன்றேன். கழுத்து சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம்.

அக்டோபர் 5, ஞாயிறு

டீச்சரைப் பார்க்கப் போனேன். ரொம்ப மெலிந்துவிட்டார். மருந்தை மறுபடி தொடங்கியிருக்கிறார்கள், கேட்கிறதா இல்லையா என்று அடுத்த மாதம்தான் தெரியும். கண்ணாடிச் சர்க்கஸைச் சிரிப்பாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வீட்டுக்காரரைக் கடைக்கு அனுப்பிவிட்டு, ஜன்னல் திரையை விலக்கச் சொன்னார். "சட்டையைக் கழட்டிட்டு இப்படித் திரும்பி உக்காருங்க."

வெட்கமாக இருந்தது. அம்மா போன பிறகு என் முதுகை யாரும் தொட்டதில்லை. டீச்சர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கழுத்திலிருந்து ஆரம்பித்தார். விரல் ஜில்லென்று இருந்தது. "இது சரி. இதுவும் சரி. இது கொசுக்கடி." விடைத்தாள் திருத்துகிற அதே குரல். இடுப்புக்கு மேலே ஓரிடத்தில் விரல் நின்றது.

"இங்க ஒரு மச்சம் இருக்கு. ரொம்ப நாளா இருக்கா?"

"தெரியாது டீச்சர்."

அவர் குனிந்து, மூச்சு முதுகில் படும் அளவுக்கு முகத்தைக் கிட்டத்தில் வைத்து, வெகு நேரம் பார்த்தார்.

"ஒரே நிறம். ஓரம் ஒழுங்கா இருக்கு. எள்ளு அளவுதான்" என்றார். "இனிமே இது எனக்குத் தெரியும். வளர்ந்தா சொல்றேன்."