அளவு மெஷினின் இன்னொரு ஃபைல்

4.6.2001, திங்கள்

சர்தார் பாஷா வந்திருந்தார். ஷூ கம்பெனியில் தோல் வாங்கும் பொறுப்பு அவருடையது. இந்த சீசன் லைனிங் தோல் முழுவதையும் என்னிடமே எடுக்கப் போவதாகச் சொன்னார்.

"ரேட்டு எவன் வேணா கம்மி பண்ணுவான் நத்தானியேல். அளவு குடுக்க மனசு வேணும். உங்க பில்லுல நூறு அடின்னா எங்க மெஷின்ல நூத்தி ரெண்டரை வருது."

கர்த்தர் கிருபை என்றேன். டீ வரவழைத்தேன்.

அவர் போன பிறகுதான் உறைத்தது. அந்த இரண்டரை அடி யாருடையது?

7.6.2001

கிடங்கில் கம்ப்யூட்டர் பார்க்கும் ஜெனிஃபாவைக் கணக்குப் பார்க்கச் சொன்னேன். டேனரியில் வாங்கிய தோலும் விற்ற தோலும் எண்ணிக்கையில் சரி. அடியில்தான் குறைகிறது.

தோலின் பரப்பை அளக்கும் மெஷினோடு, அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க வந்த வட்டத் தகடு ஒன்று கிடங்கில் இருக்கிறது. மூன்று சதுர அடி என்று அதிலேயே பொறித்திருக்கிறார்கள். மெஷினில் விட்டேன். கம்ப்யூட்டர் 2.93 என்றது. மறுபடி விட்டேன். 2.93. துடைத்து விட்டேன். 2.93.

ஆக, மனசு மெஷினுடையது.

9.6.2001

மெஷினுக்குப் புரோகிராம் எழுதிக் கொடுத்த சென்னைக்காரன் வீட்டுக்குப் போன் போட்டேன். அவன் அம்மா எடுத்தாள்.

"அவன் நியூஜெர்சி போய்ட்டாம்பா. நீ இன்னா விஷயமா?"

ஆம்பூரிலிருந்து, தோல் விஷயமாக என்றேன்.

"இங்க தோல் எதுவும் வெச்சிட்டுப் போவலியே" என்று வைத்துவிட்டாள்.

11.6.2001

ஜெனிஃபா புரோகிராமின் செட்டிங்ஸ் ஃபைலைக் கண்டுபிடித்துவிட்டாள். புரோகிராம் இருக்கும் ஃபோல்டரிலேயே இருந்தது. அதில் ஒரு வரி: 0.976. ஒவ்வொரு தோலின் அளவையும் அதால் பெருக்கித்தான் காட்டுகிறதாம். அதை 1 ஆக்கினாள். புரோகிராமை மூடித் திறந்து தகட்டை விட்டோம். 2.93.

2 போட்டாள். 2.93.

"அம்பது போடு" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போட்டாள். 2.93.

"புரோகிராம் இந்த ஃபைல படிக்கவே இல்ல சார். வேற எங்கியோ இன்னொண்ணு வெச்சிருக்கு."

"எங்க?"

"அதான் தெரியல."

இரண்டு வருஷமாக என் கரண்டைத் தின்றுகொண்டு, எனக்குத் தெரியாமல் இன்னொரு குடித்தனம் வைத்திருக்கிறது.

12.6.2001

எக்செல்லில் மேக்ரோ எழுதித் தேடுகிறேன் என்றாள். எக்செல் கூட்டல் கழித்தலுக்குத்தானே என்றேன். "கூட்டறதுக்கு மட்டும்னா கால்குலேட்டர் போதும் சார்." இவளுக்கு வாய் ஜாஸ்தி. வேலூரில் படித்த கோர்ஸில் இதையும் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் போல.

மேக்ரோ என்றால், நாம் செய்ய வேண்டியதை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டால் எக்செல்லே செய்துகொள்ளுமாம். ஒவ்வொரு ஃபோல்டராக நுழைந்து, செட்டிங்ஸ் ஃபைல் எதைப் பார்த்தாலும் அதன் பெயர், இருக்குமிடம், கடைசியாகத் திருத்திய நேரம் மூன்றையும் ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகும். முதலில் ஓட்டியபோது பிளாப்பி போடும் இடத்தில் போய்த் தேடி, கர் கர் என்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. அங்கே போகாதே என்று எழுதினாள். பிறகு கரண்ட் போனது.

கரண்ட் வந்ததும் நானூறுக்கு மேல் வரிகள் கொட்டின. இதில் எது என்று எப்படிச் சொல்வது? நானென்றால் ஒவ்வொன்றாகத் திறந்திருப்பேன். அவள் அளவு புரோகிராமைத் திறந்து மூடினாள். மூடும்போது அது தன் ஃபைலில் எதையாவது எழுதிவிட்டுத்தான் போகும் என்றாள். மேக்ரோவை மறுபடி ஓட்டி, நேர வாரியாக அடுக்கினாள். முதல் வரியில் ஒரு ஃபைல், சற்றுமுன் திருத்தியது. விண்டோஸ் ஃபோல்டரில் இருந்தது. பெயர்கூட முதல் ஃபைலின் அதே பெயர்.

அதிலும் 0.976. 1 போட்டாள். தகடு 3.00 காட்டியது.

நான் கைதட்டினேன். பழைய ஃபைலில் அந்த 50 இன்னும் இருக்கிறது. இருக்கட்டும்.

13.6.2001

இன்று முதல் பில்லில் என்ன அடியோ, தோலிலும் அதே அடி. கர்த்தருக்குப் பயந்த வியாபாரம்.

22.6.2001

பாஷா போன் செய்தார்.

"இன்னா நத்தானியேல், அளவு கொறையுது?"

"உங்க மெஷின்ல இன்னா வருது?"

"உங்க பில்லுல இருக்கறதேதான் வருது."

"அப்ப சரியாத்தானே இருக்கு பாய்."

"சரியா இருக்கறதுக்கு உங்ககிட்ட எதுக்கு வரணும்?"

சீசன் ஆர்டரை நிறுத்தி வைத்திருக்கிறாராம். இந்த ஆர்டரை நம்பி டேனரியில் தோலுக்குச் சொல்லியாகிவிட்டது. நேர்மை இவ்வளவு பேஜார் என்று யாரும் சொல்லவில்லையே.

25.6.2001

கம்பெனிக்கே போனேன். உள்ளதைச் சொன்னேன்: மெஷின் தப்பு, கம்ப்யூட்டரில் ஃபைல், தேடிப் பிடித்துச் சரி செய்தோம் என்று. பாஷா நம்பவில்லை. "நல்லது பண்ணிட்டு மறைக்கறது கிறிஸ்தவங்க பழக்கம்" என்றார்.

பிறகுதான் கதவை மூடிவிட்டு விஷயத்துக்கு வந்தார். வெட்டும் பிரிவில் ஒரு ஜோடி ஷூவுக்கு எத்தனை அடி செலவு என்பதை பில்லில் உள்ள அடியை வைத்துத்தான் போடுகிறார்கள். தோல் கூடுதலாக வந்தால் செலவு கம்மியாகத் தெரியும். எம்.டி. கூட்டத்தில் பாஷாவைத்தான் பாராட்டுவார். "ரேட்டு ஏறினா மார்க்கெட்டுன்னு சொல்லிக்கலாம். அளவு கொறைஞ்சா என் தலைதான்."

"ரேட்டை அடிக்கு ஒரு ரூவா ஏத்தட்டுமா?"

"ஏத்துங்களேன். யாரு வேணாம்னா?"

திரும்பும்போது மேல்விஷாரம் தாண்டும் வரை பஸ்ஸில் கணக்குப் போட்டேன். ஒரு ரூபாய் ஏற்றினால், கூடுதலாகக் கொடுக்கிற அடி போகவும் மிஞ்சுகிறது.

26.6.2001

0.976 மறுபடி போட்டாயிற்று. "அப்ப எதுக்கு சார் தேடினோம்?" என்றாள் ஜெனிஃபா. இத்தனை நாள் தெரியாமல் கொடுத்தேன், இனி விலைக்குக் கொடுக்கிறேன் என்றேன்.

5.7.2001

ஆர்டர் கைக்கு வந்தது.

16.7.2001

பக்கத்துக் கிடங்கு அப்துல் ஹமீத் வந்தார். அவரிடமும் அதே சென்னைக்காரன் எழுதிய புரோகிராம். அவருடைய மெஷின் சரியான அடி காட்டித் தொலைக்கிறதாம்.

"உங்க மெஷின் மாதிரி கொஞ்சம் கம்மியா காட்ட வெக்கணும் தோஸ்த். அது எங்க இருக்குன்னு சொல்லுங்களேன்."

"புரோகிராம் ஃபோல்டர்லயே ஒரு செட்டிங்ஸ் ஃபைல் இருக்கும் பாய். அதுல மாத்துங்க" என்றேன்.

அந்த 50 இருக்கிற ஃபைலா என்பதுபோல் ஜெனிஃபா டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

17.7.2001

ஜெனிஃபா சம்பளம் உயர்த்தித் தரச் சொன்னாள். எவ்வளவு என்று அவளே முடிவு செய்து வந்திருந்தாள். ஹமீத் பாய் கிடங்கு அவள் வீட்டுக்குப் போகிற வழியில்தான் இருக்கிறது என்றும் சொன்னாள்.

உயர்த்திவிட்டேன்.