ஏழாம் கேள்விக்கு ஒரே விடை

வெள்ளவத்தை,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள அம்மா,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? தொலைபேசியில் கேட்டால் கதையை மாற்றிவிடுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

பெரிய விஷயமில்லை. ஆசிரியர்கள் வீட்டிலிருந்தே தங்கள் வேகத்தில் படிக்க நாங்கள் இணையத்தில் போட்ட பயிற்சியை உங்கள் பள்ளிக்கூடத்தில் இருபது பேரும் முடித்துவிட்டார்கள். பிள்ளை பிழையான விடை சொன்னால் என்ன செய்வீர்கள் என்பது ஏழாம் கேள்வி. "எப்படி யோசித்தாய் என்று கேட்பேன்" என்பதுதான் விடை. பத்தொன்பது பேர் "கண்டுகொள்ளாமல் விடுவேன்" என்று போட்டிருக்கிறார்கள்.

என்னோடு வேலை செய்யும் றிப்னா சிரித்தாள். "என்ன ஹம்சி, எல்லாரும் ஒரே மேசையில இருந்தா எழுதின?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த விடையைச் சரியென்று நான் கைதவறிக் குறித்தது, சரியான விடைகளை எழுதிவைத்த ஒரேயொரு தாளில்தான். பார்த்துச் சொல்லும்படி உங்களுக்கு மட்டும் அனுப்பிய தாள் அது. "எல்லாம் நல்லாயிருக்கு பிள்ளை" என்றீர்கள். யார் கேட்டு அதை மற்ற ஆசிரியர்களுக்குக் கொடுத்தீர்கள்? மேலதிகாரிக்குத் தெரிந்தால் என் வேலை போய்விடும்.

கறித்தூள் முடிந்துவிட்டது. கடைத்தூளில் சமைத்துத் தனியே இருந்து சாப்பிட மனம் வருவதில்லை. பஸ்சில் கொடுத்துவிடுங்கள்.

றிப்னா கீழே நின்று கூப்பிடுகிறாள், முடிக்கிறேன். இருபதாவது ஆள் நீங்கள். நீங்கள் மட்டும் சரியான விடையைப் போட்டிருக்கிறீர்கள். பிழை என்று தெரிந்தும் என்னிடம் ஏன் அம்மா சொல்லவில்லை?

மகள்,
ஹம்சிகா