விரிசலோரத்துக் கோடுகள்

கிழக்குத் தாம்பரம்
14.6.2009

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் சோயாவும் நலம். ஷார்ஜா வெயிலில் தலையில் துணி கட்டிக்கொள்கிறீர்களா?

நம் வீட்டைக் கட்டிய பில்டரின் ஆபீஸ் பூட்டியே கிடக்கிறது. கழுத்துவரை கடனாம். அவர் திவாலாவதற்குள் கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போய்விட வேண்டும் என்று வக்கீல் ஒரு இன்ஜினியரை அனுப்பினார். நீங்கள் போனில் சொன்னபடி, ஹால் சுவரில் விரிசல் மேலே ஏற ஏற, அதன் முனையில் பென்சில் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்திருந்தேன். எல்லாவற்றையும் அளந்துகொண்டு போனார்.

ரிப்போர்ட்டைப் படித்ததும் சிரிப்புதான் வந்தது. பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் சோயாவை அதே சுவரில் விரிசலோரமாக நிறுத்தி, உயரத்தையும் தேதியோடு குறித்திருந்தேன். அந்தக் கோடுகளையும் விரிசல் கணக்கில் சேர்த்து, ஐந்து அங்குலம் கூடுதலாக எழுதிவிட்டார்.

வக்கீலிடம் சொன்னேன்.

“இருந்துட்டுப் போகட்டும்மா, நமக்கு நல்லதுதானே” என்றார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. திருத்தச் சொல்லிவிட்டேன். கேஸ் கொஞ்சம் பலவீனமாகுமாம். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

விரிசலுக்கு அந்தப் பில்டர் பதில் சொல்லட்டும். நீங்கள் பார்க்காமலே உங்கள் மகள் வளர்ந்த ஐந்து அங்குலத்துக்கு அவரிடம் எப்படி நஷ்டஈடு கேட்பது?

இப்படிக்கு,
சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்
உங்கள் மனைவி