மகளிடம் பார்த்த ஒத்திகை

ஜூன் 9

வகுப்பு டீச்சர் கூப்பிட்டிருந்தார். "உங்க பொண்ணு வாசிக்கத் திணறுறா. கொஞ்சம் கவனிங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அறுநூறு பிள்ளைகள் வாசிப்பில் வருஷாவருஷம் எவ்வளவு முன்னேறுகிறார்கள் என்று அளப்பதுதான் என் ஆராய்ச்சி. கொல்லன் தெருவிலேயே ஊசி விற்க வந்துவிட்டார்! "வீட்ல நானே டெஸ்ட் பண்ணியிருக்கேன் டீச்சர். வயசுக்கு மேலயே வாசிக்கிறா" என்றேன்.

ஜூன் 11

விஷயத்தைச் சொன்னதற்கு வீட்டுக்காரர், "வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியன் பிள்ளை சீக்கு" என்று சிரித்தார். நான் அவரிடம் பேசுவதில்லை.

ஜூன் 20

மனசு கேட்கவில்லை. எந்தப் பிள்ளைக்கும் இன்னும் காட்டாத புதுச் சோதனைத் தாளைக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேசையில் அவள்முன் வைத்தேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டாள்.

"அம்மா, இது நீ சொல்லித் தரலையே."

பழைய தாள் ஒன்றைக் காட்டிவிட்டு, எழுத்தே இல்லாத பின்பக்கத்தைத் திருப்பி வைத்து, "இதை வாசி" என்றேன். வெற்றுத் தாளில் விரலை ஓட்டிக்கொண்டே கதை முழுவதையும் சொன்னாள். ஒரு சொல் பிசகவில்லை. ஐயோ.

ஜூன் 21

ஐந்து வயதிலிருந்து அவளிடம்தான் ஒத்திகை. ஒவ்வொரு தாளையும் பள்ளிகளுக்கு எடுத்துப்போகுமுன் அவளுக்கு வைத்துப் பார்ப்பேன். தப்பாக வாசித்தால் சரியாக வாசித்துக் காட்டிவிட்டு, மறுநாள் அதே தாள். மூன்று வருஷம்! ஒரே பிள்ளைக்கு ஒரே தாளை இரண்டு முறை வைக்காதே — வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடமே இதுதான். எங்கே போச்சு என் புத்தி?

"வாசிக்க வரலன்னு ஏண்டி சொல்லல?"

"சரியா சொன்னா நீ சிரிப்பல்ல?"

பாவி நான்.

ஜூலை 3

என்னோடு வேலை பார்ப்பவள், மகள் பார்த்தே இராத வேறு தாள்களை வைத்துச் சோதித்தாள். தொடங்குமுன் இவள் கேட்டாளாம், "அம்மா வெளிய இருக்கட்டுமா?" எங்கள் அலுவலகத் தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எத்தனை தாய்மாரை இதே பெஞ்சில் காக்க வைத்திருப்பேன்!

இரண்டு வருஷம் பின்தங்கியிருக்கிறாள். ஆறு வயதில் பிடித்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். இதைச் சோதித்தவள் எனக்குச் சொல்லவில்லை. எனக்கே தெரியும்.

ஜூலை 4

டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கம்மா" என்றார். அழுகை வந்துவிட்டது.

ஆகஸ்ட் 16

தினமும் மாலையில் அப்பாவும் மகளும் உள்ளறையில் எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள். இன்று ஒரு முழு வரி வாசித்தாளாம். ஆசை தாங்காமல் உள்ளே போனேன். புத்தகத்தை மூடிவிட்டாள்.

"நீ கேக்காதம்மா. தப்பா வரும்."

"வந்தா வரட்டும்டி தங்கம். எனக்கு அது போதும்."

அவள் அப்பாவைப் பார்த்தாள். புத்தகம் மூடியபடியே இருந்தது. வெளியே வந்து கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவள் குரல் மறுபடி தொடங்கியது.