இரண்டு தபா அடித்த மணி

புரட்டாசி, செவ்வாய் இரவு.

எதிர்வீட்டு மேரி முதன்முதலாகக் குத்தகை நிலத்தில் நெல் வைக்கிறாள். முளைப்புக்கான ஹார்மோன் மருந்து என்ன செய்யும் என்று முன்பு கேட்டாள். பள்ளிக்கூட மணி மாதிரி என்றேன். மணி அடித்ததும் விதைக்குள் புரதங்கள் உண்டாகி, மாவைச் சர்க்கரையாக்கி முளைக்கு ஊட்டும்.

இன்று நாற்றங்காலைக் காட்டினாள். நாற்று வெளிறி, நூல்போல உயர்ந்து நின்றது.

"மருந்த ரெண்டு பங்கு ஊத்தி வெதைய ஊறவச்சேன் சார். ரெண்டு தபா மணி அடிச்சா புள்ளைங்க சீக்கிரம் ஓடியாரும்ல?" என்று சிரித்தாள்.

"மழைக்குத் தாங்குமா மேரி?"

"இன்னா சார், நீங்களே இப்டி கேக்குறீங்க?" சிரிப்பு நின்றுவிட்டது.

மறுபடி விதைக்க அவளிடம் நெல் இல்லை. மணிக்கும் அளவு உண்டு, மீறினால் தண்டு வலுவில்லாமல் நீண்டுவிடும் என்று அன்றே சொல்லியிருக்கலாம். கோவளம் பக்கம் இடி உருளுகிறது. எதிர்வீட்டில் இன்னும் விளக்கு எரிகிறது. ஜன்னல் தகரத்தில் முதல் துளி விழுந்துவிட்டது.